சுல்தானாவின் கோதுமை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்மணிகளே. நம் எபிரஸ் மலையில், மவ்ரோலிதி ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இனிப்பான கதை இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அர்ஜிரிஸின் கிளாரினெட்டைக் கேட்காத காது நம் நாட்டில் கிடையாது. ஏதென்ஸில் அவன் வாசித்தால் மந்திரிகள்கூட நின்றுகொண்டு கேட்பார்கள். ஆனால் பிறந்த ஊரில் அவன் ஆற்றங்கரைத் தெருக்காரன், வாத்தியக்கார ஜிப்சியின் பிள்ளை. மேட்டுத் தெருக் கல்யாணங்களில் அவன் அப்பாவை வாய் வலிக்க வாசிக்க வைத்துவிட்டு, சாப்பாட்டைக் கொல்லைப்புறத்தில் கொடுப்பார்கள். அம்மா ஒப்பாரிக்காரி. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவள்தான் போய் அழுது பாட வேண்டும்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா போய்ச் சேர்ந்தார். நாற்பதாம் நாள் அம்மா கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து, பொட்டலம் கட்டிக்கொண்டு தேவாலய வாசலில் நின்றாள். வாங்குகிறவர் போனவரின் பெயரைச் சொல்லி, ‘கடவுள் மன்னிக்கட்டும்’ என்று சொல்லிவிட்டுத்தானே வாயில் போட வேண்டும்? மேட்டுத் தெருவிலிருந்து ஒரு கைகூட நீளவில்லை. அம்மாவின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்ததை அவன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

பல வருடம் கழித்து அம்மாவும் போனாள். ஊர்த்தலைவர் நாசோஸ் போன் செய்தார்.

“சதுக்கத்துக்கே உன் பேரு வைக்கிறோம் ராசா. ஒரு தடவை வந்துட்டுப் போ!”

“அம்மாவோட நாற்பதாம் நாளுக்கு வர்றேன், மாமா. ஊரே வந்து அவ கோதுமையைச் சாப்பிடணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு.”

“ஊரே வரும்டா, வா!”

நாசோஸின் காதில் ‘வர்றேன்’ மட்டும்தான் விழுந்தது.

அர்ஜிரிஸும் அக்கா டொம்னாவும் இரண்டு நாள் அடுப்படியில் நின்றார்கள். முந்நூறு பொட்டலம். ஞாயிறு காலை தேவாலயத்தில் பாதிரியார் அம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தபோது, ஆற்றங்கரைத் தெருவிலிருந்து வந்த பதினொரு பேர் மட்டுமே இருந்தார்கள்.

“மத்தவங்க எங்க ஃபாதர்?”

“சதுக்கத்துல இடம் பிடிக்கப் போயிட்டாங்கப்பா. நீ வாசிக்கப்போறியாமே?”

“துக்கத்துல இருக்கிறவன் வாத்தியத்தைத் தொடுவானா?” என்று வெடித்தாள் டொம்னா. “எவன் கிளப்பிவிட்டது இதை?”

அர்ஜிரிஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்கு நடந்தான். அங்கே பெரிய மரத்தடியில் மேடை, மைக், அவன் முகம் போட்ட பதாகை. மேசைகளில் வறுத்த ஆட்டிறைச்சி மணந்தது. அவனைக் கண்டதும் கைதட்டல் எழுந்தது.

“வந்துட்டான்யா நம்ம சிங்கம்!” நாசோஸ் ஓடிவந்தார். “எங்கடா, வாத்தியப் பெட்டியக் காணோம்?”

“அம்மாவோட கோதுமை இது.”

“ஆங்... குடு குடு. ஆளுக்கொண்ணு எடுங்கப்பா, சீக்கிரம்! அப்புறம் பாட்டு!”

கைகள் நீண்டன. முண்டியடித்துக்கொண்டு நீண்டன. இதற்காகத்தானே இத்தனை வருடம் காத்திருந்தான்? காப்பிக்கடை எவந்தியா பொட்டலத்தோடு அவனை அணைத்துப் படம் பிடித்துக்கொண்டாள்.

“பேரைச் சொல்லிட்டுச் சாப்பிடுங்க, அத்தை.”

“அதுக்கென்ன. கடவுள் உங்கம்மாவ மன்னிக்கட்டும்.”

“அம்மாவோட பேரு?”

எவந்தியா நாசோஸைப் பார்த்தாள். நாசோஸ் பக்கத்து மேசையைப் பார்த்தார்.

“அழுகைக்காரின்னுதானே கூப்பிடுவோம்,” என்றாள் அவள் மெதுவாக. “என் புருஷன் ஃபோதிஸ் செத்தப்போ தொண்டை கிழிய அழுதா. பின்வாசல்ல வெச்சுக் காப்பி குடுத்தேன். பேரு கேக்கணும்னு தோணவே இல்லையே தம்பி.”

“மரியான்னு சொல்லு, பாதி ஊருக்கு அதான் பேரு, தப்பாது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

“அட, நீயே மைக்குல சொல்லேன்,” என்றார் நாசோஸ். “கூடவே எல்லாரும் சொல்லிட்டுப்போறோம். இதுக்குப்போய் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு.”

அர்ஜிரிஸ் மைக்கைப் பார்த்தான். நாலெழுத்துப் பெயர், சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. கூடையை நீட்டினான்.

“திருப்பிப் போடுங்க.”

“பெரியாளாயிட்டோம்னு திமிராடா உனக்கு?”

“உங்க வீட்டுச் செத்தவங்க ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித்தான் அவ அழுதா, மாமா. ஒரு பேரைக்கூட மாத்திச் சொன்னதில்ல.”

பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் கூடையில் விழுந்தன. எவந்தியா மட்டும் தன்னுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் அவன் கேட்கவும் இல்லை. அவன் திரும்பி நடக்கையில் சீழ்க்கை அடித்தார்கள். “ஜிப்சிக்கு மரியாதை செஞ்சா இதுதான்!” என்று எவனோ கத்தினான்.

கல்லறையில் டொம்னா பொட்டலங்களைப் பிரித்து, ‘சுல்தானாவைக் கடவுள் மன்னிக்கட்டும்’ என்று அம்மாவின் பெயரைச் சொல்லி மண்ணில் தூவினாள்.

“நீ வாசிச்சிருந்தா அவங்களும் அவ பேரைச் சொல்லியிருப்பாங்கடா, தம்பி.”

“சொல்லியிருப்பாங்க, எனக்காக. அவளுக்காக இல்ல.”

அதற்குப் பிறகு அவன் அந்த ஊரில் வாசிக்கவே இல்லை. சதுக்கத்தில் அவன் பெயர்ப் பலகை இருக்கிறது. அவன் இசையை ஒலிபெருக்கியில் போட்டு ஆடுகிறார்கள்.

சரி, கண்மணிகளே, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு என்றைக்கும் கனன்றிருக்கட்டும். உங்களைப் பெற்றவளைத் தெருவே பேர் சொல்லிக் கூப்பிடட்டும். உங்கள் கதவு முன்வாசலிலேயே எல்லாருக்கும் திறக்கட்டும்.