என் நம்பரிலிருந்து போன ஓகே

ஆரப்பாளையத்தில் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட் ஆஷிகாவிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டு வரைபடத்தில் ஒரு கோடு மாறினாலும் என் போனிலிருந்து ஓகே வர வேண்டும். என் வீட்டுக்காரர் சொன்னார், கொத்தனார் சொன்னார் என்கிற கதையே கூடாது. கப்பலூர் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங்கில் நிற்பவள் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போனதில்லை.

அந்தப் பெண்ணும் நல்ல மாதிரிதான். எது சுவர், எது ஜன்னல் என்று விரல் வைத்துக் காட்டியது. புரியாததை மூன்று தடவை கேட்டேன், முகம் சுளிக்கவில்லை. வீல்சேரின் அகலத்தை டேப் பிடித்து அளந்து கொண்டுபோயிருந்தேன். என் மகள் முத்துச்செல்விக்கு இருபது வயது. ஏழாம் வகுப்பில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவள் நடக்கவில்லை. இப்போதிருக்கும் வாடகை வீட்டில் அவளைத் தூக்கித்தான் ஹாலுக்குக் கொண்டுவர வேண்டும். வாடிப்பட்டியில் கட்டும் எங்கள் சொந்த வீட்டிலாவது அவள் அறைக்கதவு ஹாலில் திறக்க வேண்டும், யாரையும் கூப்பிடாமல் அவளாக வந்து டிவி முன்னால் உட்கார வேண்டும். அந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டது அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நிலை வைத்தோம். வாசல் நிலைக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, கும்பிட்டு முடித்த பிறகுதான் உள்ளே பார்த்தேன். உள்சுவர்களுக்கு முந்தின நாளே ஒரு வரிசைச் செங்கல் வைத்திருந்தார்கள். செல்வி அறைக்கு ஹால் பக்கம் வழியே இல்லை. கொல்லைப் பக்கம் வழி விட்டிருந்தது.

"மொக்கையண்ணே, இங்கன இருந்த கதவு எங்க?" என்று கொத்தனாரைக் கேட்டேன்.

"பிளான்ல பொறத்தாலதான தாயி இருக்கு," என்று தாளை நீட்டினார்.

அங்கேயே நின்று ஆஷிகாவுக்குப் போன் போட்டேன்.

"சார் வந்து மாத்தச் சொன்னாருக்கா. உங்க ஓகே வேணும்னுட்டேன். மறுநாளே உங்க நம்பர்ல இருந்து ஓகே வந்துருச்சு. நான் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும், தப்புத்தான்," என்றது.

என் வீட்டுக்காரர் சிவனாண்டி பக்கத்தில்தான் நின்றார். மறுக்கக்கூட இல்லை.

"தங்கப்பாண்டிக்குப் பொண்ணு பாக்கணும்ல. வாரவுக உக்காந்திருக்கையில எதுக்க வீல்சேர் வந்து நின்னா நல்லாவா இருக்கும்? பொறத்தால காத்தோட்டமாத்தான இருக்கு."

தங்கப்பாண்டி எங்கள் மூத்த பிள்ளை. அவன் கல்யாணத்துக்காகத் தங்கச்சியை ஒளித்து வைக்கிறாராம். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த ஆள் என் முதுகுக்குப் பின்னால் சுவர் எழுப்பியிருக்கிறார். கலவை இன்னும் முழுசாக இறுகவில்லை, அந்த வரிசையைப் பிரித்துவிட்டுத்தான் அடுத்த வேலை என்று மொக்கையண்ணனிடம் சொன்னேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் பிரித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது உறைத்தது. போனில் டைப் அடிக்க என் வீட்டுக்காரருக்கும் வராது, எனக்கும் வராது. எங்கள் வீட்டு மெசேஜ் எல்லாம் அடிப்பது செல்விதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "மேடத்துக்கு ஓகே அனுப்புனது நீயா?"

"அப்பா அனுப்பச் சொன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையேடி."

"நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணீங்கன்னு சொன்னாரும்மா. உங்கிட்ட கேட்டா அழுவ, கேக்காதன்னாரு."

அவள் அந்த மெசேஜை அனுப்பி நாலு மாசம் ஆகிறது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவளுக்குத் தலை வாரிவிடுவேன். அம்மாவும் சேர்ந்துதான் தன்னைக் கொல்லைப் பக்கம் தள்ளினாள் என்று நினைத்துக்கொண்டே, அத்தனை நாளும் என் பிள்ளை எனக்குத் தலையைக் கொடுத்திருக்கிறாள்.