ருசிதான், குடியில்லை

பேதுரு அத்தான் இத்தாலியிலிருந்து வரும் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கெட்டித்தனத்தோடுதான் வந்து இறங்குவார். போனமுறை ஒலிவ் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் பொரித்த மீனைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே கொழுப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். இந்தமுறை வைன். கிளாஸை எப்படிச் சுழற்றுவது, மூக்கை எவ்வளவு உள்ளே விடுவது என்றெல்லாம் கல்பிட்டி வீட்டில் வகுப்பு நடந்தது. வைன் என்றால் கோயில் பூசையில் சுவாமியார் குடிப்பது என்று மட்டும் தெரிந்த மெலனியின் தாயும் வாயைப் பொத்திக்கொண்டு அதைக் கேட்கவேண்டி வந்தது. மிலானில் அத்தானுக்கு வயோதிபர் விடுதியில் வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, உடுப்பு மாற்றிவிட வேண்டும். மரியாதையான வேலைதான், மெலனி அதில் ஒரு குறையும் காணவில்லை. ஆனால் அந்த வேலையைப் பற்றி மட்டும் அத்தான் வாயே திறப்பதில்லை.

அவரும் அவரைக் கட்டிய டொறத்தி அக்காவும் சேர்ந்துதான் மெலனியையும் அவள் புருசன் நிலுக்சனையும் ஆலங்குடாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். கடற்கரையில் ஓலைக் கூரை போட்ட கபானாக்கள். வெள்ளைக்காரர்கள் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் வழுக்கி ஓடுவார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா போனைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

"பின்னேரத்துக்கு எங்க நாலு பேருக்கும் புக் பண்ணியாச்சு. ஜப்பான்காரி ஒருத்தி இங்க சாக்கே ருசி காட்டுறாளாம். சின்னக் குறூப்தான். கொறிக்கப் பைட்டும் தருவாளாம்."

"என்ன சாக்கு? கொப்பறா கட்டுற சாக்கா?" என்றாள் மெலனி.

"சாக்கே" என்றார் அத்தான், மந்தமான பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற பொறுமையோடு. "அரிசியில செய்யிற ஒரு வைன். ஆனா வைன் எண்டும் சொல்லேலாது. அது ஒரு கலாசாரம்."

மெலனிக்கு விளங்கிவிட்டது. குடிப்பதற்கு ஒரு சாக்கு, பெயரிலேயே இருக்கிறது. அவள் அத்தானை விட்டுவிட்டுத் தன் புருசனைப் பார்த்தாள். அவன் ஒன்றும் காதில் விழாதவன் போலச் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினான்.

நிலுக்சனுக்குச் சிலாபத்து மீன் சந்தைக்குப் பின்னால் படகு எஞ்சின் திருத்தும் கடை. கை நல்ல கை. ஆனால் அந்தக் கை பின்னேரமானால் போத்தலைத் தேடும். சாராயம் இல்லையென்றால் கள்ளு, கள்ளும் இல்லையென்றால் கசிப்பு. படகுச் சொந்தக்காரச் சம்மாட்டிமார் எஞ்சினைக் கொடுத்துவிட்டு ஆளைத் தேடித் திரிவார்கள். கடைசியில் மெலனி பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்பிட்டிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் அங்கே நாயாய் அலைந்து, பெரியவர்களைக் கூட்டிவந்து, அழுது, கடைசியில் தலவிலக் கோயிலில் அன்னம்மா சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்று சத்தியம் பண்ணினான். 'இனி ஒரு சொட்டும் என் வயித்துக்குள்ள இறங்காது' என்றான். மெலனியும் அதே இடத்தில் தன் பங்கைச் சொன்னாள். இன்னொருமுறை குடித்தால் நான் போவேன், போனால் திரும்பமாட்டேன். தாயின் முன்னாலும் சொன்னாள். அன்றிலிருந்து அவன் குடிக்கவில்லை. அவள் ஒவ்வொரு பின்னேரமும் அவன் வாயை மோந்துதான் சோறு போட்டாள். அதில் அவளுக்கு வெட்கமில்லை.

கபானாவுக்குள் போனதும் அவன் தொடங்கினான்.

"அங்க துப்புறதுக்கு ஒரு சாமான் வைப்பாங்களாம். வாயில வச்சு, ருசி பார்த்து, துப்பிப்போடலாம். அது குடி இல்ல."

"ஆரு சொன்னது?"

"பேதுரு அண்ணன்தான். நானும் யோசிச்சுப் பார்த்தன். வயித்துக்குள்ள இறங்காது எண்டுதானே அன்னம்மாட்டச் சொன்னன். வாய்க்குள்ள எண்டு சொல்லயில்லையே."

மெலனி அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துகூட இப்படி ஓட்டை கண்டுபிடிக்கமாட்டான். அன்னம்மாவுக்கே சட்டம் படிப்பிக்க வந்துவிட்டது இது.

"நீங்க போகாம இருங்களன். வயித்துவலி எண்டு சொல்லுவம்."

"அண்ணன் என்ன நினைப்பார்? இவன் ஒரு கோப்பைக்குப் பயந்தவன் எண்டு நினைப்பார். மெலனி, நான் துப்பிப்போடுவன். நீ பக்கத்தில இருந்து பார்."

பார்க்கிறேன் என்றாள். இனி அவளால் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

பின்னேரம் காற்று கொஞ்சம் தணிந்தபிறகு கடலைப் பார்த்த பந்தலுக்குள் நீளமான மேசையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். இவர்கள் நாலு பேர், பட்டத்தில் தொங்கித் தோல் உரிந்துபோன ஜெர்மன் சோடி ஒன்று. நடத்துபவள் பெயர் றியோக்கோ. அவளும் பட்டம் விட வந்து இங்கேயே தங்கிவிட்டவள்தானாம். ஆங்கிலத்தில் மெல்லப் பேசினாள், இடையிடையே சிங்களமும் வந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் வெள்ளைக் கோப்பைகளை வைத்தாள். குழந்தைகள் சோறு கறி விளையாடும் கோப்பையின் அளவுதான் இருக்கும், அடியில் நீல வட்டம் போட்டிருந்தது. நடுவில் வாய் அகன்ற ஒரு மண் சாடியை வைத்து, விரும்பியவர்கள் இதில் துப்பலாம், அதில் அவமரியாதை ஒன்றும் இல்லை என்றாள். அதற்கு ஜப்பானில் என்ன பெயரோ, மெலனிக்கு அது படிக்கம்தான்.

பைட் வந்தது. உப்புப் போட்டு அவித்த பச்சைச் சோயா, உப்பில் ஊறிய முள்ளங்கி, வாட்டிக் கிழித்த கணவாய்க் கருவாடு. கணவாயைக் கண்டதும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த வாசத்தைப் பாருங்க. இது ஜப்பானிலதான் கிடைக்கும்."

"இது இங்கத்தைக் கணவாய்" என்றாள் றியோக்கோ, சிரிக்காமல்.

மெலனி சிரித்தாள். அக்கா மேசைக்குக் கீழே அவளுடைய காலை மிதித்தாள்.

அரிசியை எவ்வளவு தீட்டுகிறார்களோ அவ்வளவு நல்ல சாக்கே என்று றியோக்கோ விளங்கப்படுத்தினாள். ஒரு மணியில் பாதிக்கு மேல் தீட்டித் தள்ளிவிடுவார்களாம். அத்தான் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார். தீட்டித் தள்ளியதை யார் தின்கிறார்கள் என்று மெலனி கேட்க நினைத்தாள், அக்காவின் கால் இன்னும் அங்கேயே இருந்தது. முதல் கோப்பையை அத்தான் சுழற்றி மோந்தார். ஈரக்கல்லின் ருசி இருக்கிறது என்றார். ஈரக்கல்லை அத்தான் எப்போது நக்கிப் பார்த்தாரோ தெரியாது. இரண்டாவதில் மல்லிகைப்பூ கண்டார். மூன்றாவதில் அவருக்கு ஒரு காடே தெரிந்தது. படிக்கத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கலாசாரத்தைத் துப்பலாமா என்ன.

மெலனியும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். பழஞ்சோற்றுத் தண்ணியில் யாரோ கொஞ்சம் சாராயத்தைக் கலந்துவிட்டது போல இருந்தது. சாடியை இழுத்துத் துப்பினாள். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, வந்த வேலையைப் பார்த்தாள். அவள் வந்த வேலை நிலுக்சனின் தொண்டை.

அவன் கோப்பையை எடுத்தான், மோந்தான், ஒரு வாய் உறிஞ்சினான். கன்னம் ரெண்டும் உப்பின. தொண்டை அசையவில்லை. சாடியை இழுத்து, தலையைக் குனிந்து, துப்பினான். தண்ணீரால் வாயைக் கொப்பளித்து அதையும் துப்பினான். பிறகு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சரியாகச் செய்த பையன் போல அவளைத் திரும்பிப் பார்த்தான். அடுத்ததிலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும் அப்படித்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவன் ஒரு சொட்டும் விழுங்கவில்லை.

நடுவில் றியோக்கோ ஒரு விளையாட்டு வைத்தாள். ஒவ்வொருவருக்கும் மூன்று கோப்பை. ரெண்டில் ஒரே சாக்கே, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். அத்தான் வெகுநேரம் கண்ணை மூடி, கடைசியில் நடுக்கோப்பையைக் காட்டினார். பிழை. ஜெர்மன் சோடியும் பிழை. நிலுக்சன் மூன்றையும் வாயில் வைத்துத் துப்பிவிட்டு, இடப்பக்கத்தைத் தொட்டான். சரி. மாற்றி வைத்தாள், மறுபடியும் சரி. இவருக்கு அருமையான நாக்கு, எங்கள் ஊரில் இருந்தால் ஆலைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள் றியோக்கோ.

அந்த நாக்கை எத்தனை கள்ளுத் தவறணைகள் சேர்ந்து பழக்கியிருக்கின்றன என்பது பாவம் அவளுக்கு எங்கே தெரியும். ஆனாலும் மெலனிக்குள் ஏதோ இளகியது. அத்தானின் முகம் தொங்கிப்போயிருந்தது, அதில் அவளுக்குச் சந்தோசம். புருசன் ஒன்றில் வென்றுவிட்டான், அதிலும் சந்தோசம். வாய்க்குள் வைத்ததைத் துப்புகிறவனை இனி என்னத்துக்கு மோந்து பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

எல்லாம் முடிந்து, அத்தான் சிவந்த முகத்தோடு றியோக்கோவுக்கே சாக்கேயைப் பற்றிப் படிப்பிக்கத் தொடங்கினார். றியோக்கோ கோப்பைகளை அடுக்கினாள். நிலுக்சன் எழும்பி, "நான் ஒரு கை தாறன்" என்று சாடியைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனான். நல்ல மனுசன் என்றாள் அக்கா. மெலனி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவன் பின்னால் போனாள். அவனிடம் ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்படி ஒன்றைச் சொல்லி எவ்வளவோ காலம்.

குசினிக்குப் பின்னால் தாழைப்பற்றை ஓரத்தில் பாத்திரம் கழுவுகிற குழாய். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் இல்லை. அவள் பக்கவாட்டில் வந்தபோது, சாடியை ரெண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்திருந்தான். தொண்டை மேலும் கீழுமாக ஓடியது.

ஜெர்மன்காரன் துப்பியது, அவன் பெண்சாதி கொப்பளித்தது, மெலனி துப்பியது, எல்லாம் அதற்குள்தான் இருந்தது. பந்தியில் அடுத்தவன் கிளாஸில் தண்ணீர் குடிக்கமாட்டான் இவன். சொந்தத் தம்பி கடித்த மாங்காயை வாங்கமாட்டான்.

"இங்க பாருங்க" என்றாள்.

அவன் திடுக்கிட்டுச் சாடியை இறக்கினான். நாடியிலிருந்து சட்டையில் சொட்டியது. அவளைப் பார்த்தான், சாடிக்குள் பார்த்தான்.

"இதில முக்கால்வாசி தண்ணிதான், மெலனி" என்றான்.

அவள் திரும்பிப் பந்தலுக்குப் போனாள். மேசையில் பாதிக்கு மேல் இருந்த போத்தல் ஒன்றையும் தண்ணீர் குடிக்கிற கிளாஸ் ஒன்றையும் எடுத்தாள். எங்கே கொண்டுபோகிறாய் என்று அத்தான் கேட்கக் கேட்க நடந்தாள். வந்து, அவன் கையிலிருந்த சாடியைப் பறித்து மணலில் கவிழ்த்தாள். கழுவுகிற கல்லின் மேல் கிளாஸை வைத்து, விளிம்புவரை ஊற்றினாள்.

"இந்தாங்க, மனுசன் குடிக்கிற மாதிரிக் குடிங்க. ஊரான்ட எச்சிலைக் குடிக்க வேண்டாம்."

அவன் அழுதான். அவள் எத்தனையோ தரம் பார்த்த அதே அழுகை.

"நீ போயிடுவாயா?"

"ஓம். குடிச்சா போயிடுவன். குடிக்காட்டி இருக்கிறன். இந்தச் சாடியை நான் காணயில்ல எண்டு நினைச்சுக்கொள்ளுறன்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து அது வந்ததே அவளுக்குத் தெரிந்தது. தாய் கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பாள். இருந்தாலும் அவள் நின்றாள்.

நிலுக்சன் குழாயைத் திறந்தான். கையைக் கழுவினான், முகத்தைக் கழுவினான், வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பினான். சட்டையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் இன்னும் நின்றாள்.

பிறகு அவன் கிளாஸை எடுத்து வாயில் வைத்தான்.