இடது காலுக்கு ஒரு பலகை

வால்புர்காவுக்கு அறுபத்திரண்டு வயது. போன குளிர்காலத்திலேயே இடது முட்டி மக்கர் பண்ணத் தொடங்கிவிட்டது. வருகிற ஞாயிறு தங்கை கிரெசென்ஸ் மலையின் பின்பக்கம் ஏறப் போகிறாள். கூடப் போக வேண்டுமானால், ஏறவும் இறங்கவும் அந்த முட்டிக்குத் தோதான பனிச்சறுக்குப் பலகை வேண்டும். கிடைக்காவிட்டால் இனி மலையை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரோப்கார் அடிவாரத்தில் கல்லுஸ் கடை போட்டிருந்தான். பலகையை ஓட்டிப் பார்க்கக் கொடுப்பான், பிடித்தால் வாங்கலாம்.

"இதைப் பாருங்கக்கா, இறகு மாதிரி. கெட்டிப்பனி, புதுப்பனி, ஏத்தம், எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்."

"எல்லாத்துக்கும் ஒண்ணா? உங்கப்பனும் இப்படித்தான் சொல்லி என் தலையில கட்டினான். இது சுள்ளிடா. கனமானதைக் கொடு."

விற்கிறவன் பேச்சை அவள் என்றைக்கும் நம்பியதில்லை. நம்பாதது தப்பும் இல்லை. கனமானதை அவள் எடுத்துக்கொண்டாள், லேசானதைக் கூட வந்திருந்த தங்கை எடுத்துக்கொண்டாள். இரண்டுமே கறுப்பு. அக்கா தங்கைக்குக் காலளவும் ஒன்றுதான்.

ஓட்டிப் பார்க்க ரோப்காரில் ஏறி, மேலே சாப்பாட்டுக் குடிலுக்கு வந்ததும் பலகைகளைக் கழற்றி, ஊர் வழக்கப்படி ஜோடியைப் பிரித்தார்கள். அவளுடையதில் ஒன்று, இவளுடையதில் ஒன்று என்று சேர்த்து, ஒரு ஜோடி வாசலில், மறு ஜோடி பின்சுவரில். தூக்குகிற திருடனுக்கு ஒற்றையும் ஒற்றையும்தான் மிஞ்சும்.

சீஸ் உருண்டை சூப்பைக் குடித்துவிட்டு வெளியே வந்தால் மலையைக் காணோம். மூடுபனி விழுங்கியிருந்தது. பலகைகளின் மேல் பனி அப்பி எல்லாம் ஒரே வெள்ளை.

"பின்னாடி இருக்கிறதை நான் எடுத்துக்கறேன், நீ வாசல்ல இருக்கிறதை எடுத்துக்கோ," என்று கிரெசென்ஸ் போய்விட்டாள். பிரித்து வைத்த நினைப்பு இருவருக்குமே இல்லை.

வால்புர்கா இறங்கினாள். மேலும் இல்லை, கீழும் இல்லை. பால் பாத்திரத்துக்குள் நழுவுவது போலிருந்தது. எங்கோ தங்கை இருமினாள். அதுவும் பஞ்சில் சுற்றிக்கொண்டு வந்தது. தான் ஓடுகிறோமா, மலைதான் காலடியில் ஓடுகிறதா என்றே அவளுக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் இடது காலில் இறங்கும், முட்டி கத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். கத்தவில்லை. இன்னொரு தரம். கெட்டிப்பனியில் பலகை லேசாகக் கடகடத்தது, அவ்வளவுதான், பிடியை விடவில்லை. இடப்பக்கம் திரும்பினால்தான் வலது காலில் யாரோ கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

கீழே வந்ததும் கல்லுஸ் அவள் காலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னக்கா, இடதுல ஒண்ணு, வலதுல வேற ஒண்ணு!"

பின்னாலேயே வந்த கிரெசென்ஸ் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "அடிப்பாவி! அதான் நான் ஒரு பக்கமாவே போயிட்டிருந்தேன். திருடனுக்கு வெச்ச பொறியில நாமளே விழுந்தோமே!"

வால்புர்கா சிரிக்கவில்லை. முட்டியை அமுக்கிப் பார்த்தாள்.

"இடது கால்ல இருந்தது எது?"

"நீங்க சுள்ளின்னு சொன்னது."

"அப்போ அதோட ஜோடியையும் கொடுடீ," என்று தங்கையிடம் கை நீட்டினாள்.

லேசானது இரண்டையும் மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், கடைக்குப் பின்னால் இருந்த சரிவில் பக்கவாட்டாக அடி வைத்து ஏறினாள். மூடுபனி முதலில் அவள் காலை எடுத்துக்கொண்டது, பிறகு இடுப்பை.

"அக்கா! எங்கேடி போறே?"

"ஞாயித்துக்கிழமைக்கு ஒத்திகை," என்று வெள்ளைக்குள்ளிருந்து பதில் வந்தது. "ரொட்டி மூட்டையை நீதான் தூக்கணும், இப்பவே சொல்லிட்டேன்."