முப்பத்தொரு கட்டடங்களின் பன்னிரண்டு நிமிடம்

இரண்டு கிளவுடுக்கும், அதாவது இணையத்தில் ஓடும் இரண்டு மென்பொருளுக்கும், கல்யாணம் பண்ணி வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம். நானூற்றுப் பத்துக் கட்டடங்களில் ஓடும் லிஃப்டுகளுக்கு எண்ணெய் போடுவது, கம்பி பார்ப்பது, கதவு சிக்கிக்கொண்டால் ஓடுவது. எந்தக் கட்டடத்தில் எத்தனை மாடி, லிஃப்டுக்கு என்ன வயது, கடைசியாக யார் போனார் என்பதெல்லாம் பழைய கிளவுடில் இருந்தது. எந்த மெக்கானிக் ஒரு நாளில் எத்தனை கட்டடம் பார்க்க முடியும் என்று கணக்குப் போடப் புதிதாக இன்னொரு கிளவுடை வாங்கியிருந்தார்கள். மழை என்றால் ஒரு கணக்கு, ஆள் குறைந்தால் ஒரு கணக்கு என்று அதில் விதியை அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். ரொம்ப வளைந்து கொடுக்கும் என்று விற்க வந்தவர் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

அதுவரைக்கும் அந்தக் கணக்கு ஒரே ஒரு அட்டவணையில் இருந்தது. அதைப் போட்டவர் என் கணவர். அதே நிறுவனத்தில் பதினேழு வருடம் வேலைத் திட்டம் போட்டவர். அலுவலகத்தில் அவருக்கு நிமிஷம் சார் என்று பெயர். மெக்கானிக்குகள் சொல்கிற நேரத்தை அவர் அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார். "கேட்ட கணக்கு வேற, நடந்த கணக்கு வேற" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தோடு அவரே போய் நின்று அளந்துவிட்டு வருவார். ஒன்பது மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். நாற்பத்தெட்டு வயது.

"முன்னாடி ஏதாவது சொன்னாரா, மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குதுன்னு?" என்று மருத்துவர் கேட்டார். ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றேன். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில்தான். சொல்லாமலே போய்விட்டாரே என்று அவர் மேல் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. கோபம் ஒன்றுதான் இருந்தது. அழுகை வரவில்லை. துணைக்கு என்று வந்து தங்கியிருந்த நாத்தனார் தினமும் என் முகத்தைப் பார்ப்பாள்.

"ஒரு தடவ அழுதுடுங்க அண்ணி. உள்ளயே வச்சிருந்தா உடம்புக்கு ஆகாது."

"வரும்போது அழறேன். இப்ப துணி காயப் போடணும்."

வீம்புக்குச் சொல்லவில்லை. முயன்றும் பார்த்தேன். பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைக் கிள்ளினால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், மூன்றாவது வாரம் வேலைக்குப் போனேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேலை நன்றாகத்தான் போனது. பழைய கிளவுடிலிருந்து கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் புதியதற்குள் போய் உட்கார்ந்தன. அவர் அட்டவணையில் இருந்த விதிகளும் போயின. ஐந்து மாடிக்கு மேல் என்றால் இவ்வளவு, இருபது வருடத்துக்குப் பழைய லிஃப்ட் என்றால் இவ்வளவு. முப்பத்தொரு கட்டடங்களில் மட்டும் வண்டி நின்றது. அவற்றுக்கு எதிரே, கூடுதலாகப் பன்னிரண்டு நிமிடம் என்று போட்டிருந்தார். எதற்கென்று எழுதவில்லை. புதிய கிளவுடோ எந்த விதியைக் கொடுத்தாலும் காரணம் கேட்கும். குறைந்தது இருபது எழுத்து. காரணப் பெட்டி காலியாக இருந்தால் சிவப்புக் காட்டிவிட்டு அப்படியே நிற்கும், பிடிவாதக் குழந்தை மாதிரி.

மேலாளரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவர் மாதிரி இருப்பார்.

"காரணம் இல்லாத நம்பர் உள்ள வரக் கூடாது. வியாழக்கிழமைக்குள்ள கண்டுபிடிங்க. இல்லன்னா பூஜ்யம் போட்டுருங்க" என்றார்.

"அவர் சும்மா போட மாட்டார் சார்."

"தெரியும்மா. ஆனா அவர்கிட்ட கேக்க முடியாதுல்ல" என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பரவாயில்லை என்றேன். உண்மையிலேயே பரவாயில்லை என்றுதான் இருந்தது.

ஆனால் பூஜ்யம் போட மனம் வரவில்லை. அவருடைய சட்டைகளை எல்லாம் கொடுத்துவிட்டேன். மேசையை வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டார்கள். இந்த அலுவலகத்தில் அவர் வைத்துவிட்டுப் போனதில் இன்னமும் புரியாத ஒன்று இந்தப் பன்னிரண்டுதான். அது போய்விட்டால் அவர் முழுக்கப் போய்விடுவார் என்று எனக்குப் பட்டது. அதற்குக் காரணம் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று நினைத்தேன். ஒன்பது மாதத்தில் நானாக விரும்பிய முதல் காரியம் அது.

புதன்கிழமை காலை அந்த முப்பத்தொன்றில் ஒன்றுக்கு ஸ்பானர் அண்ணனோடு போனேன். அவர் மெக்கானிக்குகளில் மூத்தவர். கையில் ஸ்பானர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். எட்டு மாடிக் கட்டடம். ஒரே லிஃப்ட். உள்ளே நுழைந்ததும் பெயிண்ட் வாடையும் யாரோ தரை துடைத்த ஈரமும். அண்ணன் லிஃப்டை நிறுத்திப் பலகையை மாட்டிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்த முப்பத்தொண்ணும் ஒரே ஜாதகம்தான் தங்கச்சி. பழைய கட்டடம், ஒத்த லிஃப்ட், மோட்டார் அறை மொட்ட மாடில. லிஃப்ட நிறுத்தினாத்தான் வேல பாக்க முடியும். நிறுத்திட்டா நாம நடந்துதான் மேல போகணும்."

அப்படியென்றால் படியேறுகிற நேரம். காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் பதினேழு வருடம் அவரோடு குடித்தனம் நடத்திய தோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது, தோளில் பன்னிரண்டு கிலோ. மொட்டை மாடிக் கதவைத் திறக்கும்போது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. கணினி முன் உட்கார்ந்தே பழகிய எனக்கு ஆறு.

"நாலு நிமிஷம்தானே அண்ணே ஆச்சு? பன்னெண்டு போட்டிருக்காரே."

அண்ணன் மென்று முழுங்கினார். பையைக் கீழே வைத்தார். ஸ்பானரைத் துடைத்தார்.

"உண்மைய சொல்லணும்னா நாலுதான். முன்னாடி அவரும் நாலுதான் போட்டிருந்தாரு. அப்புறம் ஏத்திக்கிட்டே போனாரு. நாங்க ஏன் வேணாம்னு சொல்றோம்? மீதி நேரம் இப்படி உக்காந்து ஒரு டீ குடிப்போம். இந்த எட்டு நிமிஷம் இல்லன்னா நாளைக்கு இன்னொரு கட்டடத்த தலைல கட்டிருவாங்க. எடுத்துடாதீங்க தங்கச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அவர் ஏன் ஏத்தினார்?"

"யாருக்குத் தெரியும்? நாலஞ்சு மாசத்துக்கு ஒருக்கா இந்தக் கட்டடத்துக்கே வருவாரு, வாட்ச்சோட. இதுல அளந்தத மத்த முப்பதுக்கும் போடுவாரு. வரும்போதெல்லாம் நடுவுல நின்னு போன் பேசுவாரு. நாலாவது மாடி திருப்பத்துல ஒருக்கா, ஆறாவதுல ஒருக்கா. யாரு சார் அப்படி விடாம கூப்பிடறதுன்னு கேட்டா வீட்டுலேருந்துன்னு சொல்வாரு." அண்ணன் சிரித்தார். "காதுல போன வச்சுக்கிட்டு ம், ம்னு மட்டும்தான் சொல்வாரு. பொண்டாட்டிகிட்ட பேசறவன் வேற என்ன பேசுவான்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

நானும் சிரித்தேன். அலுவலக நேரத்தில் நான் அவரைக் கூப்பிட்டதே இல்லை. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம், கூப்பிட என்ன இருக்கிறது. அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. இறங்கும்போது ஆறாவது மாடித் திருப்பத்தில் நின்றேன். சுவரில் தோள் உயரத்தில் அழுக்குப் படிந்திருந்தது. எத்தனையோ பேர் சாய்ந்திருப்பார்கள்.

அலுவலகத்துக்கு வந்து பழைய அட்டவணையின் வரலாற்றைத் திறந்தேன். யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். முதல் நாளே திறந்திருக்கலாம். வரிசையாக அவர் பெயர் வரும் என்பதால் திறக்காமல் ஒவ்வொரு சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் போய் வந்த கட்டடத்தின் அந்த ஒரு கட்டத்துக்கு ஐந்து வரி வந்தது. நான்கு நிமிடம். பிறகு ஐந்து. பிறகு ஏழு. பிறகு ஒன்பது. பிறகு பன்னிரண்டு. முதல் ஏற்றத்திலிருந்து கடைசி ஏற்றம் வரை பதினான்கு மாதம். கடைசியானது அவர் போவதற்குப் பதினொரு நாள் முன்பு.

ஏற்றிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சின்னதாகக் குறிப்பு எழுதியிருந்தார். ஐந்துக்கு, நானே ஏறிப் பார்த்தது. ஏழுக்கு, நானே ஏறிப் பார்த்தது, ஒரு இடத்தில் நின்றேன். ஒன்பதுக்கு, இரண்டு இடத்தில் நின்றேன். பன்னிரண்டுக்கு, நான்கு இடத்தில் நின்றேன், ஏறுபவர்களுக்கு நேரம் தர வேண்டும்.

அவர் அளந்தது படிகளை இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. மற்றவர்களுக்கு நேரம் போதாமல் போய்விடக் கூடாதே என்று முப்பத்தொரு கட்டடத்துக்கும் நேரத்தைக் கூட்டிக்கொடுத்த மனிதர், தனக்கு ஏன் கூடுகிறது என்று யாரிடமும் கேட்கவில்லை.

அப்படித்தான் நினைத்துக்கொண்டே திரையை வலப்பக்கம் நகர்த்தினேன். எங்கள் நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணை ஒருவர் மாற்றினால் போதாது, இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அவர் மாற்றங்களுக்கு ஒப்புதல் தருகிறவள் நான். ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், வசதிதானே என்று எங்களைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வரும். கறிகாய் நறுக்கிக்கொண்டே, பல் தேய்த்துக்கொண்டே அழுத்துவேன். அவர் போட்டால் சரியாகத்தான் இருக்கும். ஐந்து வரியிலும் என் பெயர் இருந்தது. திறந்த நேரம், அழுத்திய நேரம் இரண்டும் இருந்தன. நான்கு வினாடி. மூன்று வினாடி. ஒன்பது வினாடி, அன்றைக்கு இணைப்பு மெதுவாக இருந்திருக்கும். மூன்று. கடைசியில் இரண்டு.

சொல்லாமலே போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லியிருக்கிறார். என்னிடம் மட்டும், நான்கு தடவை, எத்தனை இடத்தில் நின்றேன் என்பது வரைக்கும் எழுதிச் சொல்லியிருக்கிறார். சரி, சரி என்று நான்கு தடவையும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்போதும் அழுகை வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் இயந்திரத்தின் அருகில் இருந்த செடியில் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை காலை காரணப் பெட்டியைத் திறந்தேன். படியேறும் நேரம் என்று இருபது எழுத்துக்கு இழுத்தால் போதும், பச்சையாகிவிடும். பொய்யும் இல்லை. அல்லது நான்கு என்று திருத்தினால் கணக்கு நேராகிவிடும், ஸ்பானர் அண்ணனின் டீ போய்விடும். நான் உள்ளதை எழுதினேன்.

படி ஏற நான்கு நிமிடம் போதும். மீதி எட்டு நிமிடம் என் கணவருக்கு மூச்சு வாங்கிய நேரம். நான்கு முறை எனக்குத் தெரியப்படுத்தினார். நான் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தேன். இனி யாருக்காவது நிற்க வேண்டியிருந்தால் நிற்பதற்காக இது இருக்கட்டும். யாராவது நின்றால், ஏன் நின்றாய் என்று கேளுங்கள்.

அனுப்பினேன். ஒப்புதல் தர வேண்டியவர் இப்போது மேலாளர். இதைப் படித்துவிட்டு அவர் எழுந்து வருவார், என்னம்மா இது என்று கேட்பார், உட்காரச் சொல்வார் என்று நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்தேன். அவர் கேட்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

பச்சை விழுந்தது. முப்பத்தொரு கட்டடங்களும் வரிசையாக உள்ளே போயின.

சற்று நேரத்தில் மேலாளர் போனில் பேசியபடியே என் மேசையைத் தாண்டினார். போனை ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

"முடிச்சிட்டீங்களே. காரணம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார்."

"அதான் வேணும்" என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

ஒப்புதல் விவரத்தைத் திறந்து பார்த்தேன். திறந்ததற்கும் அழுத்தியதற்கும் நடுவில் மூன்று வினாடி. மேலாளர் மேல் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. பொறுப்பில்லாதவர் இல்லை, நான் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் கடைசியில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்து மேசைக்காரர் மட்டும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்.