இன்ஜினியர் ஹுதெச்செக்கின் ஐந்து நிமிடம்

வ்செட்டின் நகரக் கண்ணாடிக்குழாய்க் கடிகாரச் சங்கத்தில் பத்தொன்பது பேர். அவர்களில், பெயருக்கு முன்னால் ‘இன்ஜினியர்’ சேர்க்காவிட்டால் திரும்பிப் பார்க்காதவர் ஹுதெச்செக் ஒருவர்தான். தலைவர் தேர்தலில் மூன்று முறை தோற்றவர். நான்காவது தேர்தல் இன்று மதியம், பீர்க்கடையின் பின்னறையில்.

இம்முறை கையில் ஆயுதம் இருந்தது. டிரான்சிஸ்டர், சிப் என்று எந்தக் கலப்படமும் இல்லாத கடிகாரம். குட்டி நியான் விளக்குகள் ஒன்று அணைய அடுத்தது பற்றிக்கொண்டு நொடிகளை எண்ணும். மேலே கண்ணாடிக் குழாய்களுக்குள் எண்கள் தணலாய் ஒளிரும். ஏழு மாத உழைப்பு.

எதிரி மிலுஷே, பள்ளிக்கூடச் சமையல்காரி. அவள் கடிகாரத்தில் மலிவான சிப் ஒன்று.

“ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேச்சு. அப்புறம் ஓட்டு. அதுக்கப்புறம்தான் பீர்,” என்றார் கடைக்காரர் யோஷ்கா.

“என் கடிகாரப்படிதான் அஞ்சு நிமிஷம்! சிப்பை நம்பி நான் வாய் திறக்கமாட்டேன்.”

“எதுவோ ஒண்ணு, சீக்கிரம் முடிங்க இன்ஜினியர் சார்.”

மணி இரண்டரை; அவருடைய ஐந்து நிமிடம் தொடங்கியது. கடிகாரத்தின் அழகு தெரியவேண்டுமென்று ஹுதெச்செக் ஜன்னல் திரைகளை இழுத்து மூடச்சொன்னார். இருட்டில் எண்கள் ஜொலித்தன. எல்லோரும் “அடடா!” என்றார்கள். அவருக்கு நெஞ்சு விம்மியது.

மின்சாரம் பிறந்த கதையில் தொடங்கினார். ஓரக்கண்ணால் பார்த்தார்: இரண்டு முப்பத்தொன்று. நேரம் இருக்கிறது. டிரான்சிஸ்டரின் ஒழுக்கக்கேட்டை விளக்கினார். இரண்டு முப்பத்தொன்று. இன்று நாக்குக்கு என்ன வேகம்! பத்திரிகை பிரசுரிக்க மறுத்த தன் கடிதத்தை முழுசாக ஒப்பித்தார். இரண்டு முப்பத்தொன்று.

“யோவ், எனக்குத் தாடியே வளர்ந்திடுச்சு!” என்றது ஒரு குரல்.

“இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, உக்காரும்!”

மிலுஷே கைவிளக்கோடு எழுந்துவந்து கடிகாரத்துக்குள் வெளிச்சம் அடித்தாள். நியான் விளக்குகள் சுறுசுறுப்பாக எண்ணத் தொடங்கின. கைவிளக்கை அணைத்தாள், நின்றன.

“சார், இதுங்களுக்கு இருட்டுன்னா ஆகாது. வெளிச்சம் பட்டாதான் பத்திக்கும். வீட்டுல மேசை விளக்கை நீங்க அணைச்சதே இல்லையா?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். தணல் வெளிச்சத்தில் அந்த முகங்களை ஹுதெச்செக் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓட்டு எங்கே விழும் என்று எண்ணிப்பார்க்கத் தேவையே இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் முடிந்தால்தானே ஓட்டு?

மிலுஷேயின் கைவிளக்கைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“யாரும் திரையைத் தொடாதீங்க. அடுத்ததா, கண்ணாடியோட வரலாறு…”

பதினேழு நாற்காலிகள் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் நகர்ந்தன.