நனையாத ஜெர்சி

மசாஜ்காரர் வெள்ளைப் பட்டையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவருக்கு என்னவோ பல்தான் பழக்கம். வாயாடியின் இடது காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, முட்டிக்குக் கீழே ஒரு சுற்று, மேலே ஒரு சுற்று, இரண்டு பக்கமும் குறுக்கே இழுத்து ஒட்டினார். முட்டி வீங்கியிருந்ததால் பட்டை போன வாரத்தைவிட அதிகம் பிடித்தது.

“ரொம்ப இறுக்காதீங்கண்ணே. ஓடணும்.”

“ஆறு மேட்சா இதையேதான் சொல்றே. நானும் ஒட்டிட்டுத்தான் இருக்கேன். மேட்ச் முடிஞ்சதும் ஒட்டினது ஒட்டினபடியே உரிச்சுப் போடறேன். கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சு உன்னைப் பெஞ்சுல கொண்டுபோய் உக்கார வெக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு, தம்பி.”

வாயாடிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று சீசனின் கடைசி ஆட்டம். இன்றைக்கு உள்ளே போகாவிட்டால் அடுத்த சீசன் என்று ஒன்று அவனுக்கு இல்லை.

பதினைந்து வருடமாக அவன் இந்தக் கூடைப்பந்துக் கிளப்பின் பாயிண்ட் கார்டு. பந்தைத் தங்கள் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற வேலை. அணியில் அவன்தான் குள்ளம். ஆனால் கையைவிட அவன் வாய் அதிகமாக ஆடும். ‘வலது பக்கம்’, ‘பின்னாடி ஆள் வரான்’, ‘விடு’, ‘புடி’ என்று ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடிகிறவரை தொண்டை ஓயாது. மற்ற நாலு பேரும் கண்ணைக் கூடத் திருப்பாமல் அவன் சொன்ன இடத்துக்கு ஓடுவார்கள். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

போன வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தபோது மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். இந்த சீசனில் இருபது ஆட்டத்தில் களத்துக்குள் கால் வைத்தால் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடம் நீளும். இல்லாவிட்டால் அத்துடன் முடிந்தது. “இருபதுதானா? தூங்கிக்கிட்டே ஆடிருவேன் சார்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். சீசனின் நடுவில் முட்டிக்குள் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் பண்ணியே ஆகவேண்டும் என்றார் டாக்டர். முக்கியமான ஆட்டங்கள் இருக்கின்றன, சீசன் முடியட்டும், கிளப்பே செலவைப் பார்த்துக்கொள்ளும் என்றார் கோச். வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். முக்கியமான ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஜெயித்தார்கள். பத்தொன்பதாவது ஆட்டம் முடிந்த மறுநாள் கோச் கூப்பிட்டு, “உன் முட்டிய நாங்கதான்பா பாத்துக்கணும், கொஞ்சம் ரெஸ்ட் எடு” என்றார். அன்றிலிருந்து பெஞ்சு. ஒப்பந்தத்தில் இருக்கிறவனுக்குத்தான் ஆபரேஷன் செலவு. இந்த முட்டியை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கிளப்பின் வாசலை மிதிப்பது?

காலையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடியபடியே கேட்டாள்.

“எவ்வளவு நேரம் ஆடணும்னு ஏதாவது இருக்கா?”

“நேரமெல்லாம் இல்ல. கால வெச்சாப் போதும்.”

“ஒரு செகண்டா?”

“ஒரு செகண்டு.”

“அப்ப திடுதிடுன்னு உள்ள ஓடிப்போய் நின்னுற வேண்டியதுதானே? கழுத்தப் புடிச்சா தள்ளுவாங்க?”

“தள்ளுவாங்கடி. அது என்ன பஸ்ஸா, தாவி ஏற? கோச் அனுப்பணும். அனுப்பினாலும் ஸ்கோர் எழுதற மேஜைக்குப் பக்கத்துல நாற்காலில உக்காந்து காத்திருக்கணும். பந்து வெளிய போகணும், இல்ல எவனாவது ஃபவுல் பண்ணணும். ஆட்டம் நின்னாத்தான் ஆள மாத்துவாங்க.”

செருப்பு கட்டிலுக்கடியில் கிடைத்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுறீங்க. உங்களுக்குன்னு வந்தா வாயத் தொறக்க மாட்டீங்க. கோச்சுகிட்ட நேராக் கேளுங்க. கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணுங்க.”

கேட்டான். பட்டை ஒட்டி முடித்ததும் நேரே கோச்சின் அறைக்குத்தான் போனான். கோச் வெள்ளைப் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். ஐந்து வில்லைகள் நடுவில் இருந்தன. மற்றவை பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்தன.

“கோச், இன்னிக்கு ஒரு ரெண்டு நிமிஷம்...”

“பாக்கலாம்பா.”

“பாக்கலாம்னா எப்படி கோச்? விஷயம் உங்களுக்கே தெரியும்.”

கோச் வில்லையிலிருந்து கையை எடுக்கவில்லை. “எனக்கு எல்லாம் தெரியும். எனக்கு மேல இருக்கறவங்களுக்கும் தெரியும். எனக்கும் அடுத்த வருஷம் வேலை வேணும்ல? பாக்கலாம்னு சொன்னேன்ல, போ.”

உடைமாற்றும் அறையில் வாயாடி ஷூ நாடாவை இழுத்த வேகத்தில் நாடா அறுந்தே போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டை, தன் பையிலிருந்து ஒரு நாடாவை உருவி நீட்டினான். பன்னிரண்டு வருடமாக வாயாடி கொடுக்கிற பந்தை வாங்கி வளையத்தில் போடுகிறவன். அவனுக்கு எல்லாம் தெரியும்.

“அனுப்பறேன்னானா?”

“பாக்கலாம்னான்.”

“அவன் மூஞ்சி. சரி கேளு. எப்படியாவது நீ அந்த நாற்காலில வந்து உக்காந்துரு. பந்த வெளிய விடறது என் பொறுப்பு. கை தவறினாப்ல தட்டி விட்டுடறேன். இத்தனை வருஷத்துல எத்தனையோ பந்து தெரியாம விட்டிருக்கேன், தெரிஞ்சே ஒண்ணு விட மாட்டேனா?”

“கோச் திட்டுவான்டா.”

“திட்டட்டும். புதுசாவா?”

வாயாடி அந்த நாடாவை ஷூவில் கோத்துக் கட்டினான்.

ஆட்டம் தொடங்கியது. அவன் இடத்தில் ஆடியது இந்த சீசனில் சேர்ந்த பையன். அவனை எல்லோரும் ‘புதுசு’ என்றே கூப்பிட்டார்கள். நல்ல வேகம், ஆனால் வாயே திறக்க மாட்டான். வாயாடி பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, அவனுக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தான். கத்தக் கூடாது என்றுதான் நினைத்து வந்தான். வேண்டாதவனுக்கு எதற்குத் தொண்டைத் தண்ணி வற்றணும்? ஆனால் எதிராளி இடது பக்கம் சாய்வது கண்ணில் பட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

ஆட்டம் நிற்கும்போதெல்லாம் கோச்சின் முகத்தைப் பார்த்தான். கோச் அவனைத் தவிர எல்லாரையும் பார்த்தார். ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள், வந்தார்கள், துண்டால் முகம் துடைத்தார்கள். தண்ணீர்ப் பாட்டில் அவனைத் தாண்டிக் கை மாறிப் போயிற்று. கடைசிக் கால்பகுதியில் எதிரணி எட்ட முடியாத தூரத்துக்குப் பின்தங்கிவிட்டது. கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து போக வேண்டியது, போகவில்லை. மேல்வரிசையில் யாரோ ஒருவன் தொடங்கினான்.

“வா-யா-டி! வா-யா-டி!”

அது வரிசை வரிசையாக இறங்கி வந்தது. நாற்காலிகளைத் தட்டினார்கள். கோச் தலையைத் தூக்கி மேலே கண்ணாடி அறையைப் பார்த்தார். அங்கே மேனேஜர் விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். கோச் கடிகாரத்தைப் பார்த்தார். பந்து புதுசின் கையில் இருந்தது. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது.

“போ” என்றார்.

வாயாடி எழுந்த வேகத்தில் மேல்சட்டையைத் தலைவழியே உருவி எறிந்தான். முட்டி சுரீர் என்றது, கிடக்கட்டும். மேஜைக்கு ஓடி, “ஆள் மாத்தணும்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கூட்டம் ஹோ என்று கத்தியது. மேஜையில் இருந்தவர் ஒலிப்பான் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு தலையாட்டினார். இனி ஆட்டம் ஒரு தடவை நின்றால் போதும். அவனுக்கும் களத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது.

புதுசு பந்தைத் தட்டிக்கொண்டே நின்றான். பெஞ்சிலிருந்து கோச் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார்: மெதுவாக, மெதுவாக. தோற்றுப்போன எதிரணிக்காரர்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். ஒருவன்கூட ஃபவுல் பண்ணக் கிட்டே வரவில்லை. ஒரு தள்ளு தள்ளித் தொலைங்கடா, என் அப்பன்களா!

பந்தைக் கையில் வைத்திருக்கலாம் என்கிற இருபத்துநாலு விநாடி தீரப்போகிறதென்று புதுசு பந்தை எறிந்தான். விழவில்லை. எதிரணி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஓடிவந்தது. அவர்கள் எறிந்ததும் விழவில்லை. வளையத்தில் பட்டுத் தெறித்த பந்து பல கைகளில் இடறி, துள்ளித் துள்ளி மேஜையை நோக்கியே வந்தது. நேராக அவனிடம். பின்னால் நெட்டை ஓடிவந்தான். ஓடினான் என்று சொல்லக் கூடாது, ஓடுவதுபோல் நடித்தான். கண் பந்தின்மேல் இல்லை, வாயாடியின்மேல் இருந்தது. அந்த நெருக்கடியிலும் லேசாகக் கண்ணடித்தான். பந்து கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. வாயாடியின் ஷூவில் பட்டால்கூடப் போதும்.

“புடி! உள்ள போடு!”

தொண்டை கிழியக் கத்திய அந்தக் குரல் யாருடையது என்று ஒரு கணம் அவனுக்கே தெரியவில்லை.

நெட்டையின் உடம்புக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தக் குரலுக்கு ஓடிய உடம்பு. அது அவனைக் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே பாய்ந்து, அந்தரத்தில் பந்தை ஒரு கையால் பிடித்து, தலைக்குப் பின்னால் களத்துக்குள் வீசிவிட்டு, மேஜையில் மோதி வாயாடியின் காலடியில் வந்து விழுந்தான். பந்தைப் புதுசு பிடித்தான். ஓரமாகப் போய்த் தட்டிக்கொண்டு நின்றான்.

“ஏன்டா...” என்று நெட்டை தரையில் கிடந்தபடியே கேட்டான். “ஏன்டா கத்தினே?”

வாயாடி தன் வாயைப் பொத்திய கை பொத்தியபடியே இருந்தது. ஆட்டம் முடிந்த மணி நீளமாக அடித்தது. மேஜைக்காரர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பாவம் என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். மேலேயிருந்து வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டின. அணி முழுக்க நடுக்களத்துக்கு ஓடிக் கட்டிப் புரண்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் உட்கார்ந்தே இருந்தான்.

உடைமாற்றும் அறைக்கு மேனேஜரே இறங்கி வந்தார். எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, வாயாடியின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“அந்தக் கடைசிப் பந்து! உங்க குரல் மேல கண்ணாடிக்குள்ள எங்களுக்கே கேட்டுச்சுங்க. ஜெயிச்ச மேட்சுல கூட ஒரு பந்த விடக் கூடாதுங்கற வெறி இருக்கே... இவர்தான் உண்மையான கிளப் ஆளுன்னு கெஸ்டுங்ககிட்ட சொன்னேன். நாளைக்கு ஆபீஸ் பக்கம் வாங்க, முறைப்படி ஒரு வழியனுப்பு விழா வெச்சிரலாம்.”

“ஆபரேஷன் சார்...” என்றான் வாயாடி. நாள் முழுக்கக் கத்திய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

“என்ன சொன்னீங்க?”

“இந்த முட்டி... இங்க ஆடிப் போனது சார்.”

“அதெல்லாம் பேசலாம், பேசலாம்” என்றபடி மேனேஜர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். கோச் குனிந்து தன் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை. நெட்டை, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தோள்கள் குலுங்கின.

பெஞ்சின்மேல் வாயாடியின் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. மருந்துக்கடையிலிருந்து. அதிர்வு நின்றது. மறுபடி தொடங்கியது. மசாஜ்காரர் வந்து தரையில் உட்கார்ந்து பட்டையை உரித்தார். ஒட்டினது ஒட்டினபடியே கையோடு வந்தது. வழக்கமாக ஏதாவது சொல்லிச் சீண்டுகிறவர், இன்று அதைச் சுருட்டித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

துணி துவைக்கும் அக்கா சக்கரக் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவரும் கழற்றி எறிந்த ஜெர்சி ஈரத்தோடு சொத்தென்று கூடைக்குள் விழுந்தது. புதுசின் ஜெர்சியைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும் போலிருந்தது. வாயாடி தன்னுடையதைக் கழற்றி நீட்டினான். அக்கா பழக்கத்தில் கூடைக்குள் போடப்போனவள், நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்தாள். அக்குளைப் பார்த்தாள். காலரை மோந்து பார்த்தாள்.

“இது வேர்க்கவே இல்லையே தம்பி” என்றாள். “நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் வர்ற ஆளுக்கு அப்படியே ஆகும்.”

அவள் அதைக் கூடையின் விளிம்பில் வைத்து, கைகளை உள்ளே மடித்து, சுருக்கம் விழாமல் நீவி, சுவர் அலமாரியில் துவைத்து அடுக்கியிருந்தவற்றின் மேலே வைத்துவிட்டு, கூடையைத் தள்ளிக்கொண்டு போனாள்.