நாச்சியாவின் தாயாரைப் பற்றி நான் எழுதிய வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் இது கதையில் சொன்ன பொய் அல்ல, அரசாங்கத்துக்கு அனுப்பிய மனுவில் எழுதிய பொய்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

"1955ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை, அதிராம்பட்டினத்தில் உயிரோடிருந்த ஒரு பெண்ணை நான் கல்முனையிலிருந்தபடியே கொன்றேன். ஆங்கிலத்தில், ஒரே வாக்கியத்தில், கை நடுங்காமல்…"

வாசித்துப் பார்த்தேன். எனக்கே பிடித்துப்போனது. அதனால்தான் நிறுத்திவிட்டேன். (எனக்குப் பிடித்துப்போன ஒரு வாக்கியத்தால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: "கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த…" கேட்கவில்லை. அன்று மழை.

ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் றஞ்சிதமலர். கல்முனையில் ஒரு மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மெதடிஸ்த சபைக்காரி. கொழும்புப் பத்திரிகை ஒன்றில் இரண்டு கதைகள் அச்சாகியிருக்கின்றன. ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த பெண்கள் இந்தப் பக்கத்தில் அதிகம் இல்லை. ஆண்களிடம் சொல்லக் கூசுகிற காரியங்களோடு முஸ்லிம் வீட்டுப் பெண்கள் என்னைத் தேடி வருவார்கள். நான் எழுதிக்கொடுப்பேன்.

2

நெய்னா முகம்மது அதிராம்பட்டினத்துக்காரர். பதினாலு வயதில் கடல் கடந்து வந்து கல்முனையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றவர். அந்தக் காலத்தில் இக்கரையும் அக்கரையும் அவருக்கு ஒன்றுதான். இரண்டு நாடும் சுதந்திரமடைந்த பிறகு அவர் இந்தியப் பாஸ்போர்ட்காரர் ஆனார். இங்கே இருப்பதற்குத் தற்காலிக வதிவிட அனுமதி என்று ஒன்று எடுத்து, முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

1951இல் ஊருக்குப் போய் நாச்சியாவை நிக்காஹ் செய்தார். ஒன்றரை மாதத்தில் கடை கூப்பிட்டது, திரும்பிவிட்டார். அவளை அழைத்துக்கொள்ள இரண்டு வருடமாயிற்று. அதுவும் வருகை விசாதான். மூன்று மாதம் தருவார்கள். மனுப் போட்டால் இன்னும் மூன்று மாதம். ஒவ்வொரு முறையும் அவள் பெட்டியை அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருப்பாள். கல்முனையில் அவளுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி ஹவ்வா உம்மாதான் துணை.

1955 மாசியில் அந்த நீட்டிப்பும் இனி இல்லை என்று கடிதம் வந்தது. கணவனோடு நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் காரணங்களைக் காட்டித் தனியாக மனுச் செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஹவ்வா உம்மா நாச்சியாவை என்னிடம் கூட்டிவந்தார்.

"டீச்சர், இந்தப் புள்ளைக்கி ஒரு மனு எழுதிக் குடுக்கணும். வாசிக்கிறவன்ட மனசு இளகிற மாதிரி எழுதுங்க."

நாச்சியாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நனைந்த புர்க்காவின் நுனியைப் பிழிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏன் கணவனோடு இருக்க வேண்டும் என்று கேட்டேன். (எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி. ஆனால் கொழும்புக் குடிவரவு அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், அதைத்தான் கேட்டிருந்தது.) அவள் சொன்னாள்:

"எங்க வாப்பா சைகோன்ல கடை வச்சிருந்தாஹ. அங்கயே மவுத்தாயிட்டாஹ. நான் அவஹள மொத்தம் நாலு தடவதான் பாத்திக்கிறேன், டீச்சர்."

அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் அவள் சொல்லவில்லை.*

* அதிராம்பட்டினத்தில் இது அதிசயமில்லையாம். ஆண்கள் கடலுக்கு அப்பால், பெண்கள் ஊரில். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து போவார்கள். தெருவில் ஆண்குரலே கேட்காத மாதங்கள் உண்டு என்றாள். நான் இதை மனுவில் சேர்க்கவில்லை. இங்கே சேர்க்கிறேன், காலம் கடந்து.

3

அன்று அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினேன். தகப்பனை நாலு தடவை பார்த்த மகள், தன் கணவனோடு இருக்க விரும்புகிறாள். எழுதிவிட்டு வாசித்தேன். மெலிந்து கிடந்தது. இதற்கெல்லாம் கொழும்பில் யார் இரங்குவார்கள் என்று தோன்றிற்று.

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. பாத்திரம் கண் கலங்க வைக்கவில்லை என்றால் அதற்கு ஒரு இழப்பைக் கொடுத்துப் பார்ப்போம். நான் கொடுத்தேன். தகப்பன் ஏற்கெனவே இல்லை. அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: "அண்மையில் தாயாரும் காலமாகிவிட்டபடியால், மனுதாரரின் மனைவிக்கு இந்தியாவில் போக்கிடம் எதுவுமில்லை."

உண்மையில் அந்தத் தாய் அதிராம்பட்டினத்தில் தன் இளைய மகளோடு நல்ல சுகமாக இருந்தார்.

திங்கட்கிழமை நெய்னா கையெழுத்து வைக்க வந்தார். எழுதியதைத் தமிழில் சொன்னேன். கையில் எடுத்த பேனாவை மறுபடி மேசையில் வைத்தார்.

"மாமி நல்லா இக்கிறாஹளே, டீச்சர்."

இது கந்தோருக்கு மட்டும் என்றேன். அதிராம்பட்டினத்துக்குப் போய் யாரும் பார்க்கப்போவதில்லை, இப்படி எழுதினால்தான் கிடைக்கும் என்றேன். அவர் படித்தவளை நம்பினார். கையெழுத்து வைத்தார்.

4

ஆடியில் இருவரையும் கொழும்புக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நாச்சியா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மட்டக்களப்பு வரை பஸ், அங்கிருந்து ரயில்.

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. இருவரும் வெவ்வேறு நாட்களில் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். என் முதல் பிரதியில் அந்த அதிகாரி ஒரு கொடியவன். மேசையில் தட்டுகிறான், கர்ப்பிணியை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறான். கதைக்கு அவன் தேவைப்பட்டான், எனக்கு அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டான். நாச்சியா சொன்ன அதிகாரி வேறு. எழுந்து கதிரை போடச் சொன்னாராம். தண்ணீர் கொண்டுவரச் சொன்னாராம். சிங்களவர். பக்கத்தில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

நெய்னாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மனைவியின் தாயார் எப்போது காலமானார் என்ற கேள்விக்கு, போன கார்த்திகையில் என்று அவர் சொன்னார். வெளியே வந்தார். நாச்சியா உள்ளே போனாள். இருவரும் பேசிக்கொள்ள இடமிருக்கவில்லை.

அவளிடம் வயதைக் கேட்டார்கள். கலியாணமான தேதியைக் கேட்டார்கள். பிறகு, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

"எங்க உம்மா இக்கிறாஹ. தங்கச்சி இக்கிறா."

மொழிபெயர்ப்பாளர் அதை உடனே ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அவளைப் பார்த்துத் தணிந்த குரலில், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தங்கச்சி. உங்கட அம்மா இருக்கிறாவா?" என்றார்.

அந்த மனிதர் திறந்துவிட்ட கதவு அது. அவள் நுழையவில்லை. இருக்கிறார்கள் என்று இரண்டாவது முறையும் சொன்னாள்.

அதிகாரி பேனாவை மூடிவைத்தார். கோபிக்கவில்லை. பயணம் கவனம் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும் ரயிலில் நெய்னா அவளைத் திட்டவில்லை. மாகோ சந்தி தாண்டியதும், "மாமிக்கி ஆயுசு கூடிப்போச்சு" என்றார். இருவரும் சிரித்ததாக நாச்சியா சொன்னாள். நெய்னா சொன்னதில் சிரிப்பு இல்லை.

5

உண்மைக்கு மாறான தகவல் தந்தபடியால் மனு நிராகரிக்கப்படுகிறது, மனைவி முப்பது நாளுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். ஆவணியில் வந்த கடிதத்தின் சுருக்கம் இது.

போவதற்கு முதல் நாள் நாச்சியா என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள். ஏழு மாத வயிறு. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கேட்டேன்.

"தெரிஞ்சுதான் போனேன், டீச்சர். மனுவுல என்ன இக்கிதுன்னு அவஹ மொதல்லயே சொல்லிட்டாஹ. ரயில்ல வழி முழுக்க மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், உம்மா மவுத்தாயிட்டாஹ, உம்மா மவுத்தாயிட்டாஹன்னு. அங்க போனா வாய் வரல. வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு, உசுரோட இக்கிற உம்மாவ எப்படி அப்படிச் சொல்றது?"

(அந்தக் கேள்வி கேட்கப்பட்ட நேரத்தில் வயிற்றில் பிள்ளை அசைந்தது என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. வெட்டிவிட்டேன்.)

அந்தப் பொய்யை எழுதியது யார் என்று அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து சலாம் சொன்னாள். மறுநாள் நெய்னா தலைமன்னார் வரை கொண்டுபோய்க் கப்பலேற்றிவிட்டு வந்தார். தை மாதம் அவருடைய சொந்த அனுமதி புதுப்பிக்க வேண்டிய தவணை வந்தது. பழைய கோப்பை எடுத்துப் பார்த்திருப்பார்கள். அதுவும் இல்லை என்றாயிற்று. பதினேழு வருடம் வேலை பார்த்த கடையில் சாவியைக் கொடுத்துவிட்டு மாசிக் கடைசியில் அவரும் போனார்.

இனி நான் சொல்ல விரும்பாததைச் சொல்கிறேன். நாச்சியா போன அந்த வாரம் கொழும்புக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொய் என்னுடையது, அந்தத் தம்பதிகள் அதைக் கேட்கவில்லை, மனைவி உண்மையைத்தான் சொன்னாள் என்று. ஒரு பக்கம். நான் எழுதியவற்றில் நேர்மையானது அது ஒன்றுதான். உறைக்குள் போட்டு விலாசமும் எழுதினேன். அரசாங்கத்துக்குப் பொய் எழுதிய ஆசிரியையை மிஷன் வைத்திருக்குமா என்று யோசித்தேன். நாளைக்குப் போடலாம் என்று…

போடவில்லை.

6

இந்த இடத்தில் முடிவு வர வேண்டும். மூன்று எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில் அந்தத் தாய் உண்மையிலேயே இறந்துபோகிறார். அந்த மனுஷியை இரண்டாவது தடவையும் கொல்ல எனக்கு யார் அதிகாரம் தந்தது? கிழித்து அடுப்பில் போட்டேன்.

இன்னொன்றில் நான் கொழும்புக்குப் போகிறேன். அந்த அதிகாரி என்னையும் கதிரையில் இருத்துகிறார், நான் எல்லாவற்றையும் சொல்கிறேன். வாசிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கம் வரும்படி அது அமைந்திருந்தது. அதையும் கிழித்தேன்.

மூன்றாவதில் அவர்கள் அதிராம்பட்டினத்தில் ஒன்றாகச் சுகமாக இருக்கிறார்கள். அதை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். இந்த வருடம், 1957 வைகாசியில், கடிதம் வந்தது.

7

உறைக்குள் ஒரு அச்சடித்த ஆங்கிலப் படிவமும், நாச்சியா கையால் எழுதிய ஒரு கடிதமும் இருந்தன. கடிதம் அரபுத்தமிழில். வலமிருந்து இடமாக அரபு எழுத்தில் ஓடும் தமிழ். என் பாஷைதான், என்னால் ஒரு சொல்லும் வாசிக்க முடியவில்லை. ஹவ்வா உம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

பெண் பிள்ளை பிறந்து சுகமாக இருக்கிறாள். உம்மாவும் சுகம். ஊரில் வேலை அமையாததால் நெய்னா பினாங்கில் தன் மாமா கடைக்குப் போய்ப் பதின்மூன்று மாதமாகிறது. அங்கே மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள இந்தப் படிவத்தை அனுப்பியிருக்கிறார். ஊரில் ஆங்கிலம் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள், அவர்களிடம் மனம் விட்டுச் சொல்ல முடியாது. டீச்சர்தான் நிரப்பித் தர வேண்டும். கேள்விகளுக்கெல்லாம் பதில் கீழே எழுதியிருக்கிறாள்.

கடைசி வரியை ஹவ்வா உம்மா இரண்டு தடவை வாசித்தார்: "நான் சொல்றத மட்டும் எழுதுங்க, டீச்சர்."

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதென்ன புள்ள இப்பிடி எழுதிரிக்கி? அவ செல்லாத எதையும் நீங்க எழுதுவீங்களா, டீச்சர்?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் மறுகா வாறன் (பிறகு வருகிறேன்) என்று எழும்பி வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் படிவத்தை நிரப்பினேன். பெயர், வயது, பிள்ளையின் பெயர். தாயார் உயிருடன் இருக்கிறாரா என்று ஒரு கட்டம். இருக்கிறார் என்று எழுதினேன். கணவரோடு சேர விரும்புவதற்கான காரணம் என்ற கேள்விக்குக் கீழே ஆறு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். நாச்சியா தந்த பதில்: "அவஹளோட இருக்கணும்."

அதை ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு வரிகூட நிரம்பவில்லை. மீதி ஐந்து வரியையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். சைகோனில் இறந்த தகப்பன் இருந்தார், தலைமன்னார் இருந்தது, ஆண்குரல் கேட்காத தெரு இருந்தது. எல்லாம் உண்மை. எதையும் அவள் எழுதச் சொல்லவில்லை. வெறுமையாகவே விட்டுப் பினாங்குக்குத் தபாலில் போட்டேன்.

நாலு மாதமாகிறது. பதில் இல்லை. அந்த ஐந்து வெற்று வரிகளைப் பார்த்து பினாங்கில் ஒருவர் என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. உண்மை போதாமல் போகலாம். நான் அன்று பயந்தது சரியாகக்கூட இருக்கலாம்.

இதற்கு ஒரு முடிவு உங்களுக்குத் தோன்றினால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படிவத்திலும் மட்டும் அதை எழுதிவிடாதீர்கள்.